மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி: மறைந்த பிறகும் மருந்தை நிறுத்தாதீர்கள்

பொந்தியான் - ஆண்டிறுதி மழை பிடித்துக்கொண்டால் மனிதர்களுக்குச் சளி, இருமல் வருவதுபோல் வீட்டு மீன் தொட்டிகளுக்கும் ஒரு தொல்லை வந்து சேர்கிறது. நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த தங்கமீன் இன்று காலையில் கல்லில் உடம்பைத் தேய்க்கும். மாலையில் பார்த்தால் வாலிலும் துடுப்பிலும் உப்புத்தூளைத் தூவிவிட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒரு வாரம் கழித்துத் தொட்டியில் பாதி மீன் இருக்காது.

இதுதான் வெள்ளைப் புள்ளி நோய். கடைக்காரர்கள் ‘வைட் ஸ்பாட்’ என்பார்கள். நன்னீர் அலங்கார மீன்களுக்கு வரும் ஒட்டுண்ணி நோய்களில் உலகெங்கும் மிகப் பரவலானது இதுவே. பசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்த கப்பி மீன் முதல் அதிக விலை கொடுத்து வாங்கிய டிஸ்கஸ் வரை எதையும் இது விடுவதில்லை.

இது குணமாகக்கூடிய நோய். அதுவும் சமையலறையில் இருக்கும் கல் உப்பைக் கொண்டே பல தொட்டிகளைக் காப்பாற்றிவிடலாம். ஆனாலும் மீன்கள் சாகின்றன. அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து இல்லாமை அன்று; மருந்தைத் தவறான நாளில் நிறுத்திவிடுவதுதான். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பல பிள்ளை பெற்ற மீன் பேன்

இதன் அறிவியல் பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்ட்டிஃபிலியிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் சுவையாக இருக்கிறது. முதல் சொல் கிரேக்கம்: மீன், பேன் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. இரண்டாவது சொல் இலத்தீன்: பல பிள்ளைகளை உடையது. ஆக, ‘பல பிள்ளை பெற்ற மீன் பேன்’. 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்து இந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் வைத்தவர் நோயின் மர்மத்தைப் பெயரிலேயே சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் இது பேன் இல்லை. ஒரே ஓர் உயிரணுவால் ஆன உயிர். உடம்பு முழுக்க நுண்ணிய மயிரிழைகள். அவற்றை அசைத்து உருண்டபடியே நகரும். நன்றாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை வரும் என்பதால் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் ஓர் ஒட்டுண்ணி.

இதன் வாழ்க்கை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் மீனின் தோலுக்குள். அங்கே மீனின் திசுவைத் தின்று கொழுக்கும். கொழுத்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, தொட்டியின் அடியில் கல்லிலோ, செடியிலோ, கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூட்டை அமைத்துக்கொள்ளும். இது இரண்டாம் கட்டம். அந்தக் கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பிரிந்துகொண்டே போகும். கடைசியில் கூடு வெடிக்கும்போது நூற்றுக்கணக்கான குஞ்சுகள், சில நேரங்களில் ஆயிரத்துக்கும் மேல், தண்ணீரில் நீந்தத் தொடங்கும். இது மூன்றாம் கட்டம். இந்தக் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இல்லையேல் பசியில் செத்துவிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன் மேல் 20 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 500 குஞ்சுகளை ஈன்றால் 10,000 ஆயிற்று. நாலைந்து மீன்கள் மட்டுமே இருக்கும் கண்ணாடித் தொட்டியில் அவை அனைத்தும் அந்த மீன்களைத்தான் தேடும். ஆறு, குளங்களில் இந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீன் கிடைக்காமலேயே மடிந்துவிடும். தொட்டியில் தப்பிக்க இடமில்லை.

மருந்து எப்போது வேலை செய்கிறது?

முக்கியமான செய்தி இதுதான். உப்பானாலும் சரி, கடையில் விற்கும் நீல, பச்சை மருந்தானாலும் சரி, மூன்றாம் கட்டத்தில் நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் கொல்ல முடியும். தோலுக்குள் இருப்பதை மீனின் தோலே காக்கிறது. கூட்டுக்குள் இருப்பதைக் கூடு காக்கிறது.

எனவே மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் மறைவதைக் கண்டு ‘ஆறிவிட்டது’ என்று நினைப்பது தவறான கணக்கு. புள்ளிகள் ஆறவில்லை, பழுத்து உதிர்ந்திருக்கின்றன. அவை இப்போது கல்லுக்கடியில் கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து மருந்தை நிறுத்தினால் அடுத்த இரண்டு மூன்று நாளில் கூடு வெடித்து, முதல் முறை 20 புள்ளி இருந்த மீன் மேல் 200 புள்ளி வரும். பலரும் “மருந்து போட்டேன், நல்லா ஆச்சு, திரும்ப வந்து எல்லாம் செத்துப்போச்சு” என்று சொல்வது இந்த இரண்டாம் அலையைத்தான்.

இந்தச் சுழற்சி எவ்வளவு நாளில் முடியும் என்பது தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 10 பாகை செல்சியஸ் குளிர் நீரில் ஒரு மாதத்துக்கும் மேலாகும். நம் ஊர் வீடுகளில் தொட்டி நீர் பெரும்பாலும் 26, 27 பாகையில் இருக்கிறது. இங்கே நான்கிலிருந்து ஏழு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வாரம் ஒரு முறை மருந்து போட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஒரு வாரத்துக்குள் நம் தொட்டியில் அடுத்த தலைமுறை தோலுக்குள் புகுந்துவிட்டிருக்கும்.

மழைக்காலத்தில் இந்நோய் தலைதூக்குவதற்கும் வெப்பமே காரணம். பகலில் சூடாக இருந்த தொட்டி நீர் இரவு மழையில் சில பாகை இறங்கும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. அதே வாரத்தில் புதிதாக ஒரு மீனை வாங்கி விட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இது அந்த நோய்தானா?

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் மருந்து ஊற்றிவிடக் கூடாது. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் வெள்ளைப் பொட்டுகள் வரும். அது நோயே இல்லை; பையன்களுக்கு மீசை முளைப்பது மாதிரி. வரிசையாக அந்த இடங்களில் மட்டும் இருந்தால், மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால், விட்டுவிடுங்கள். புள்ளிகள் மிக நுண்ணியதாக, மஞ்சள் கலந்த தங்கப்பொடி தூவியதுபோல் இருந்தால் அது ‘வெல்வெட்’ என்ற வேறு ஒட்டுண்ணி. பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் பூஞ்சையாகவோ பாக்டீரியாவாகவோ இருக்கலாம்.

மாறாக, ஒரு புள்ளிகூட இல்லாமலும் வெள்ளைப் புள்ளி நோய் இருக்கலாம். ஒட்டுண்ணி முதலில் செவுளுக்குள் புகுந்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். வடிகட்டியிலிருந்து நீர் விழும் இடத்திலேயே நிற்கும். மூச்சு முட்டித்தான் பெரும்பாலான மீன்கள் சாகின்றன, புள்ளியால் இல்லை.

கல் உப்பு வைத்தியம்

முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இரண்டடித் தொட்டி என்றால் 60 நீளம், 30 அகலம். நீர் 30 உயரம் நிற்கிறது. பெருக்கினால் 54,000; வகுத்தால் 54 லிட்டர். கல், மரத்துண்டுக்காகக் கொஞ்சம் கழித்து 50 என்று வைத்துக்கொள்வோம்.

லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்பது பெரும்பாலான மீன்கள் தாங்கும் அளவு. 50 லிட்டருக்கு 100 கிராம். சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அளவு ஆளுக்கு ஆள் மாறும். இதை ஒரேயடியாகப் போடாமல் மூன்று பங்காக்கி, ஒரு குவளைத் தொட்டி நீரில் நன்றாகக் கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் ஊற்ற வேண்டும். உப்புக் கல் அப்படியே மீன் மேல் விழுந்தால் தோல் புண்ணாகும்.

உப்பு இரண்டு வேலை செய்கிறது. நன்னீர் மீனின் உடம்பில் வெளி நீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் இடைவிடாமல் உடம்புக்குள் புகப் பார்க்கிறது. மீன் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஒட்டுண்ணி தோலைத் துளைத்துவிட்டால் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல் அந்த வேலை கூடிவிடும். தொட்டி நீரில் உப்பு சேரும்போது இறைக்கும் வேலை குறைகிறது. இன்னொரு பக்கம், தோலோ கூடோ இல்லாமல் நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் இந்த உப்பைத் தாங்க மாட்டாமல் நலிகின்றன.

தங்கமீன், கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றுக்கு உப்பால் பிரச்சினை இல்லை. நியான் டெட்ரா, செதில் இல்லாத கெளுத்தி வகைகள், கிளவுன் லோச் போன்றவை நொய்மையானவை. இவற்றுக்குப் பாதி அளவில் தொடங்கிக் கவனியுங்கள். துரதிர்ஷ்டவசமாக, வெள்ளைப் புள்ளி முதலில் பிடிப்பதும் கிளவுன் லோச்சைத்தான். நீர்ச்செடிகள் சில உப்பில் வாடும். செடியா மீனா என்ற கேள்விக்கு விடை உங்களுடையது.

அடுத்த பத்து நாள்களுக்குச் செய்ய வேண்டியவை: ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு நீரை, அடிக்கல்லோடு சேர்த்துக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கூடுகள் அடியில்தான் இருக்கின்றன என்பதால் இது வெறும் துப்புரவு இல்லை, பாதி வைத்தியமே இதுதான். 12 லிட்டர் எடுத்தால் புதிதாக ஊற்றும் 12 லிட்டருக்கு மட்டும் 24 கிராம் உப்பு சேர்க்கவும். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்ட ஊற்றும்போது உப்பு சேர்க்கக் கூடாது. நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி போட்டு, கடைசியில் உப்பிலேயே மீனைக் கொன்றவர்கள் உண்டு. குழாய் நீரானால் குளோரின் நீக்கும் மருந்து கலந்தே ஊற்றுங்கள்.

ஹீட்டர் உள்ளவர்கள் சில மணி நேரத்துக்கு ஒரு பாகை வீதம் 30 வரை மெல்ல ஏற்றலாம். ஒட்டுண்ணி சீக்கிரம் பழுத்து உதிர்ந்து, மருந்துக்கு அகப்படும் கட்டத்துக்கு வந்துவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றுக்குழாயைக் கூடுதலாக ஓடவிட வேண்டும். தங்கமீனுக்குச் சூடு ஆகாது; அதற்கு ஏற்ற வேண்டாம். ஹீட்டர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம் ஊர் நீரே போதுமான வெதுவெதுப்பானது.

கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் ஐந்து நாளாவது வைத்தியம் தொடர வேண்டும். மொத்தத்தில் பத்து முதல் பதினான்கு நாள்.

கடை மருந்து வாங்குவோருக்கு

கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் புள்ளி மருந்துகளில் பெரும்பாலும் மாலகைட் கிரீன், ஃபார்மலின், மெத்திலீன் ப்ளூ, செம்பு ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். முறையாகப் பயன்படுத்தினால் உப்பைவிட வேகமானவை. ஊற்றுவதற்கு முன் வடிகட்டியில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். விளக்கை அணைத்து வைப்பதும் நல்லது. இந்தச் சாயங்கள் வெளிச்சத்தில் வலுவிழக்கும். இரண்டு மருந்துகளை நீங்களாகவே கலக்காதீர்கள். செம்பு கலந்தது இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

பொந்தியான் வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசியும் செம்பனையும் விளையும் நிலத்தில் பெரும்பகுதி கரிமண் நிலம். அங்கே கால்வாய், கிணற்று நீர் தேநீர் நிறத்தில், புளிப்புத் தன்மையோடு, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாக இருக்கும். அத்தகைய மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை பல மடங்கு ஏறும். தோட்டத்தில் அந்த நீரையே தொட்டிக்குப் பயன்படுத்துவோர் செம்பு மருந்தின் பக்கமே போக வேண்டாம். புட்டியில் போட்டிருக்கும் அளவு கடின நீருக்குச் சரியாக இருக்கலாம்; உங்கள் நீருக்கு அதுவே விஷமாகலாம்.

ஃபார்மலின் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவு இருந்தால் தொடவே தொடாதீர்கள், அந்தப் படிவு மீனுக்குக் கொடிய நஞ்சு. நல்ல புட்டியானாலும் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் பயன்படுத்த வேண்டிய இரசாயனம் அது.

நோய் கண்ட மீனை மட்டும் தனியே எடுத்து வைத்தியம் பார்ப்பது பயனற்றது. ஒரு மீனில் புள்ளி தெரிந்தால் தொட்டியே நோயாளி என்று பொருள். எல்லா மீன்களுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். கெத்தாப்பாங் இலை போட்டால் போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அந்த இலைச்சாறு சண்டை மீனுக்கு இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. ஆனால் வெள்ளைப் புள்ளிக்கு அதை மட்டும் நம்பி நாலு நாள் கடத்துவது ஒட்டுண்ணிக்கு நாலு நாள் அவகாசம் கொடுப்பதாகும்.

சாப்பிடும் மீனுக்கு அந்த மருந்து கூடாது

தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் கித்தான் தொட்டியிலோ சிமெண்டுத் தொட்டியிலோ கெலி, திலாப்பியா வளர்ப்போர் இருக்கிறார்கள். இந்த நோய் அவற்றுக்கும் வரும். செதில் இல்லாத கெலிக்கு மிகச் சுலபமாக வரும். அப்போது அலங்கார மீன் கடையில் கிடைக்கும் பச்சை மருந்தை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். மாலகைட் கிரீன் மீனின் சதையில் நீண்ட காலம் தங்கிவிடும். புற்றுநோய் அச்சம் காரணமாக உணவு மீனில் அதைப் பயன்படுத்த நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை. சமைத்தால் போய்விடும் என்பதும் இல்லை. உணவு மீனுக்கு உப்பும் நீர் மாற்றமும்தான் வழி; அதற்கும் அடங்காவிட்டால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மற்றபடி வெள்ளைப் புள்ளி மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகள் தொட்டிக்குள் கைவிட்டுவிட்டார்களே என்று பதற வேண்டாம். கையைக் கழுவினால் போதும்.

குக்குப்பில் கடல்மேல் மிதக்கும் கூண்டுகளைப் பார்த்தவர்கள் அங்கேயும் இது வருமா என்று கேட்கக்கூடும். கடல் நீரில் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது. ஆனால் கடல் மீனுக்கு அதேபோல் வெள்ளைப் புள்ளி உண்டாக்கும் கிரிப்டோகேரியன் என்ற வேறோர் ஒட்டுண்ணி இருக்கிறது. கூண்டில் வளர்க்கும் கெராப்பு, சியாக்காப் மீன்களை அது தாக்கும். தோற்றம் ஒன்றுதான், பிறவி வேறு. அதற்கு உப்பு வைத்தியம் பலிக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கால்வாயில் கொட்டாதீர்கள்

செத்த மீனையும் தொட்டி நீரையும் பின்பக்கக் கால்வாயில் கொட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். இந்த ஒட்டுண்ணி காட்டு மீன்களைச் சும்மா விடும் என்று எண்ண வேண்டாம். 1981-இல் பெரு, பொலிவியா எல்லையில் உள்ள டிட்டிகாக்கா ஏரியில் இதே நோய் பரவி ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மீன்கள் மடிந்தன. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நீர்வரத்து குறைந்து, மீன்கள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில் இதுவும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து தாக்கியதில் 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள், பெரும்பாலும் சால்மன், செத்து மிதந்தன.

நம் பக்கத்திலும் காக்க வேண்டிய மீன் இருக்கிறது. 1996-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான பெட்டா புல்க்ரா என்ற சண்டை மீன் வகை, பொந்தியான் வட்டாரத்துக் கரிமண் சதுப்பு நீரில் வாழ்வது. புல்க்ரா என்றால் இலத்தீனில் அழகி. சதுப்பு நிலம் தோட்டமாகத் தோட்டமாக அதற்கு இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. அந்தக் கால்வாயில் நம் தொட்டி நோயையும் ஊற்ற வேண்டியதில்லை. செத்த மீனை மண்ணில் புதையுங்கள். மாற்றி எடுத்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். உப்போ மருந்தோ கலந்ததானால் செடிக்கும் வேண்டாம், கழிவறையில் ஊற்றிவிடுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

ஒரு முறை நோய் கண்டு பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். நல்லதுதான். ஆனால் அத்தகைய மீன் புள்ளி ஏதும் காட்டாமலே ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கவும் கூடும். கடைத் தொட்டியில் பளபளவென்று நிற்கும் மீன் உங்கள் வீட்டுக்கு நோய் கொண்டு வருவது இப்படித்தான். ஆகவே புதிய மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், ஒரு வாளியிலோ சிறு தொட்டியிலோ காற்றுக்குழாய் வைத்து இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். கடையிலிருந்து வந்த பையின் நீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். வலை, உறிஞ்சு குழாய் போன்றவற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் ஒட்டிய கூடுகள் செத்துவிடும். புதிய செடிக்கும் இதே விதிதான். மீன் இல்லாத நீரில் ஒரு வாரம் கிடந்தால் அதிலிருக்கும் கூடுகள் வெடித்து, குஞ்சுகள் மீன் கிடைக்காமல் மடிந்துபோகும்.

எல்லா மீனும் செத்து வெறும் தொட்டியாகிவிட்டவர்களும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். தண்ணீரும் வடிகட்டியும் ஓடிக்கொண்டிருக்கட்டும். நம் ஊர் வெப்பத்தில், மீன் இல்லாமல் பத்து நாள் விட்டால் தொட்டி தானாகவே சுத்தமாகிவிடும். பதினோராம் நாள் புதிய மீன் விடலாம், அதுவும் இரண்டு வாரம் வாளியில் இருந்த மீனாக இருந்தால்.